அம்மாவுக்கு என்ன வேலை?

காலேஜ் அப்ளிகேஷன் ஃபார்மில் 'பெற்றோர் தொழில்'னு ஒரு கட்டம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டே செகண்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுவோம். விவசாயம், டீச்சர், டெய்லர், மளிகைக் கடை... ஒண்ணாங் கிளாஸில் என்ன எழுதினோமோ, அதேதான் பி.ஜி. வரைக்கும். அதில் யோசிக்க என்ன இருக்கு?

ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்த ஒரு குடும்பத்தை ஆரணி பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்கா, தம்பி என ரெண்டு பிள்ளைகள். அக்காவை 1999-ல் ஒண்ணாம் வகுப்பில் சேர்த்தபோது அம்மாவின் தொழில்: அரசுப் பணி. 2004-ல் ஆறாம் வகுப்பு: நெசவு. 2010-ல் ப்ளஸ் ஒன்: மறுபடியும் அரசுப் பணி. 2012-ல் காலேஜ்: மறுபடியும் நெசவு. பத்து வயசு சின்னவனான தம்பியின் கணக்கு வேறு. 2009-ல் ஒண்ணாம் வகுப்பு, அரசுப் பணி. அப்புறம் 2014, 2019, 2021... நெசவு, நெசவு, நெசவு. காலேஜ் செகண்ட் இயரில் திடீரென்று திரும்பவும் அரசாங்க வேலை.

"கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான், 'உங்கம்மா என்னடா பார்ட் டைம் கவர்ன்மென்ட்டா'னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவன் சொன்னது தப்பே இல்லையே" என்கிறான் தம்பி.

அம்மா, மக்கள் நலப் பணியாளர். தமிழ்நாட்டு அரசியலை ஓரளவு ஃபாலோ செய்பவர்கள் என்றால் இந்த வார்த்தையைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். தெரியாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்குங்க, கதை 1989-ல் ஆரம்பிக்கிறது.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டுக்கடை போர்டுதான். நடுவே நடுவே அரிசிக் கடை. பொன்னி அரிசியும் பட்டுப் புடவையும்தான் இந்த ஊரின் ரெண்டு விசிட்டிங் கார்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிபுரம் புடவையைவிட எடை கம்மி, விலையும் கம்மி. 'பொண்ணு கட்டிக்கிட்டு நடமாட முடியும்' என்பதுதான் கடைக்காரர்களின் சேல்ஸ் டயலாக். ஆனால் நெய்யறது எல்லாம் டவுனுக்குள் இல்லை. சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுத்துப்பட்டு ஊர்களில்தான் தறிச் சத்தம். டவுன் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக 'டக் டக்'கென்று கேட்கும்.

நாம் போன ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது அம்மாவின் முதல் கண்டிஷன். தன் பெயரும் வேண்டாம். "யாரு ஆட்சியில என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும் தம்பி? நான் எந்தக் கட்சியும் இல்ல. ஆனா என் பேரைப் படிச்சா ரெண்டு கட்சிக்காரனும் என்னை மத்த கட்சின்னு சொல்லுவான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி கிண்டல், பாதி பயம்.

கூடத்தின் ஒரு ஓரத்தில் குழித்தறி. அதில் பாதி நெய்த மாம்பழக் கலர் புடவை. அதன் மேலேயே ஒரு பிளாஸ்டிக் கவரில் ஊராட்சி வேலைக்கான அட்டெண்டன்ஸ் பேப்பர்கள். வீட்டின் மொத்தக் கதையும் அந்த ஒரு மூலையில் இருந்தது.

இருநூறு ரூபாய் உத்தியோகம்

1989-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. கிராமத்தில் பத்தாவது வரை படித்துவிட்டுச் சும்மா இருக்கும் இளைஞர்களுக்கு ஊராட்சியிலேயே ஒரு வேலை என்று மக்கள் நலப் பணியாளர் திட்டத்தை முதல்வர் கருணாநிதி கொண்டுவந்தார். மாநிலம் முழுக்க 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதம் 200 ரூபாய் மதிப்பூதியம். முதியோர் கல்வி, சிறுசேமிப்பு, மதுவிலக்குப் பிரசாரம், தெருவிளக்கு எரியுதா, குழாயில் தண்ணி வருதா என்று பார்ப்பது... ஊரில் என்னென்ன வேலைக்கு ஆள் இல்லையோ அத்தனையும் இவர்கள் தலையில்.

"எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. ஊர்ல பத்தாவது பாஸான பொண்ணுங்க நாலு பேர்தான். ஆர்டர் வந்த அன்னிக்கு எங்கப்பா அதைச் சாமி படத்துக்கு முன்னாடி வெச்சாரு. இருநூறு ரூபாதான். ஆனா நானு கையெழுத்துப் போட்டு வாங்கின காசு இல்லையா? ராத்திரில லாந்தர் வெச்சுக்கிட்டு கிழவிங்களுக்கு 'அ' எழுதச் சொல்லிக் குடுப்பேன். ஒரு கிழவி 'இதை எழுதி நான் கலெக்டராவப் போறேனா'ன்னு கேக்கும். ஆனா ஒரு நாள் கூட வராம இருக்காது."

1991 தேர்தலில் ஆட்சி மாறியது. ஜெயலலிதா முதல்வரானார். அந்த வருடம் ஜூலையிலேயே திட்டம் ரத்து. ரெண்டு வருஷத்தில் முதல் எபிசோட் ஓவர்.

"ரேடியோவுல சொன்னாங்கன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. நான் நம்பல. மறுநாள் எப்பவும் போல நோட்டை எடுத்துக்கிட்டு ஆபீஸ் போனேன். இனிமே வரவேணாம்மான்னாங்க. அந்தக் கிழவி மட்டும் ஒரு வாரம் வீட்டுக்கே வந்து, 'பாடம் இல்லையா'ன்னு கேட்டுது."

அடுத்த வருஷம் கல்யாணம், அதே ஊரில் அத்தை மகனோடு. அவர் தறிக்காரர். அம்மாவும் தார் சுத்த ஆரம்பித்து, அப்படியே தறியில் உட்காரவும் கற்றுக்கொண்டார்.

தறியை வித்த கதை

1996-ல் மறுபடி தி.மு.க. 1997 பிப்ரவரியில் மறுபடி திட்டம், பழைய ஆட்களுக்கே வேலை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குஷி. அந்தக் குஷியில் ஒரு காரியம் செய்தார்கள். வீட்டில் இருந்த ரெண்டு தறியில் ஒன்றைப் பிரித்து விற்றுவிட்டார்கள். "கவர்மென்ட் உத்தியோகம் வந்துடுச்சு, இனிமே எதுக்கு ரெண்டு தறின்னு நெனச்சோம். அந்தக் காசுலதான் முன்பக்கம் தளம் போட்டோம்."

2001-ல் மறுபடி அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்த சூட்டோடு ஜூன் மாதமே திட்டம் காலி.

இந்த முறை அடி பலமாக விழுந்தது. காரணம், அந்த விற்ற தறி. புதுசாகப் போடக் கையில் காசில்லை. பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கினார்கள். நெசவுத் தொழில் தெரிந்தவர்களுக்கு 'முன்பணம்' என்ற வார்த்தையின் எடை தெரியும். அதை அடைக்கும் வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது, கூலி கம்மி என்றாலும் வாயைத் திறக்க முடியாது. பாவும் அவருடையது, ஜரிகையும் அவருடையது. உழைப்பு மட்டும்தான் நம்முடையது.

2006-ல் மூன்றாம் முறையாக வேலை வந்தது. ஜூன் மாதம் அரசாணை. ஆனால் இந்த முறை குடும்பம் உஷார். மாமியார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம்: "வேலைக்குப் போ. தறி மேல யாரும் கை வெக்கக் கூடாது."

அந்த மாமியார் எந்தப் பத்திரிகையும் படித்தவர் இல்லை. தமிழ்நாட்டு அரசியலை அவரைவிடச் சரியாகக் கணித்த ஒரு அரசியல் விமர்சகரை நான் பார்த்ததில்லை!

2006-லிருந்து 2011 வரை நல்ல காலம். நூறு நாள் வேலைத் திட்டம் வந்த நேரம் அது. ஏரிக்கரையில், வாய்க்காலில் நூத்துக்கணக்கான பேர் நிற்பார்கள். பேர் எழுதுவது, வேலையை அளந்து பிரித்துக் கொடுப்பது என்று அம்மா காலையில் போனால் மத்தியானம்தான் வீடு. கணவர் தறியில். மகள் ஆரணியில் ப்ளஸ் ஒன் சேர்ந்தார். ஃபார்மில் தெம்பாக 'அரசுப் பணி'.

நவம்பர் 8

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் போச்சு, ஜூலை போச்சு, ஒண்ணும் நடக்கவில்லை. "இந்தத் தடவை விட்டுட்டாங்கபோலன்னு பேசிக்கிட்டோம். தீபாவளி கூட வந்துட்டுப் போயிடுச்சு" என்கிறார் அம்மா.

நவம்பர் 8-ம் தேதி அரசாணை வந்தது. சுமார் 13,500 மக்கள் நலப் பணியாளர்கள் ஒரே தாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

"எனக்கு டி.வி.யில ஸ்க்ரோல் ஓடுச்சு" என்று ஆரம்பித்தது மகள். (இப்போ வேலூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். நமக்காக அன்று லீவு போட்டு வந்திருந்தார்.) "ட்யூஷன் போயிட்டு அப்பதான் வந்தேன். கீழே ஓடுற எழுத்துல எங்கம்மா வேலை போகுது. ஃபுல்லா படிக்கறதுக்குள்ள ஓடிடுச்சு. திரும்ப வரட்டும்னு நின்னுட்டே இருந்தேன். அம்மா அடுப்படியில இருந்தாங்க. அவங்களுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்லணும். என்னன்னு சொல்றது?"

அதற்கப்புறம் நடந்தது ஒரு மெகா சீரியல். சில நாட்களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வழக்கு திரும்பி வந்தது. 2012 ஜனவரியில் தனி நீதிபதி பணியாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அரசு அப்பீல் போனது, அந்தத் தீர்ப்பு நின்றது. 2014 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், இவர்களுக்கு வேலை கொடுங்கள் என்றது. அதற்கு சுப்ரீம் கோர்ட் தடை. பேப்பரில் ஒவ்வொரு தடவை செய்தி வரும்போதும் ஊரில் யாராவது ஸ்வீட் கேட்பார்களாம். ஸ்வீட் வாங்கிய காசுதான் நஷ்டம்.

இதில் மகளுக்கு ஒரு தனி கிளைக்கதை உண்டு. 2012-ல் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போனார். அங்கே இருந்தவர் கேட்டாராம்: "உங்கம்மா கேஸ்ல ஜெயிச்சுட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே. அப்போ கவர்மென்ட் ஸ்டாஃப்தானே?"

"இல்ல சார், சம்பளம் வரல."

"வரலைன்னு எழுதி வாங்கிட்டு வா."

யாரிடம் எழுதி வாங்குவது? வேலை கொடுத்த ஆபீஸில் கேட்டால், "வேலையே இல்லாதவங்களுக்கு என்னன்னு எழுதித் தர்றது?" என்றார்களாம். மூன்று வாரம் அலைந்து, நாலாவது தடவை வேறு ஒரு அதிகாரி நெசவு என்று போட்டுக் கொடுத்தார். "வேலை இருக்குன்னா சம்பளம் குடுங்க, இல்லைன்னா ஸ்காலர்ஷிப் குடுங்க. ரெண்டும் இல்லைன்னா நான் யாரு?" என்று அக்கா கேட்கும்போது, பதினஞ்சு வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது.

பெரியப்பாவும் ஒரு ஜூலையும்

பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர் வீட்டிலிருந்து பெரியப்பா வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்டு பள்ளிக்கூட வாத்தியார். "அரசாங்கம் வேலையை விட்டுத் தூக்கறதைப் பத்திப் பேசறீங்கன்னா என்னை எப்படி விட்டீங்க?" என்று உரிமையோடு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவர் சொன்னது 2003 ஜூலை. பென்ஷன் உள்ளிட்ட சலுகைகளில் அரசு கை வைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2-ம் தேதி ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். எஸ்மா சட்டம், அதற்கு மேல் ஒரு அவசரச் சட்டம். ரெண்டு மூணு நாளிலேயே சுமார் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் டிஸ்மிஸ். இந்திய வரலாற்றிலேயே இப்படி ஒரே மூச்சில் அத்தனை அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியதைக் கேள்விப்பட்டதில்லை என்று அன்று எல்லோரும் வாயடைத்துப் போனார்கள்.

"லிஸ்ட்ல என் பேரும் இருந்துச்சு. ராத்திரி வீட்டுல படுக்கல. போலீஸ் வருதுன்னு சொன்னாங்க. இருபத்திரண்டு வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை, ஒரு வைக்கோல் போருக்குப் பின்னாடி உட்கார்ந்திருக்கேன்."

விஷயம் சுப்ரீம் கோர்ட் போனது. பெரும்பாலானவர்களை மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒத்துக்கொண்டது. ஆனால் ஆகஸ்ட் 6-ம் தேதி வந்த தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு ஸ்டிரைக் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. டி.கே.ரங்கராஜன் வழக்கு என்று லா காலேஜ் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அடுத்த வருடம் லோக்சபா தேர்தலில் தமிழ்நாட்டில் ஒரு சீட் கூட அ.தி.மு.க.வுக்குக் கிடைக்கவில்லை. ரிசல்ட் வந்த சில நாட்களில், 2004 மே மாதமே, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை எல்லாம் ஜெயலலிதா வாபஸ் வாங்கினார்.

பெரியப்பா சொல்லி முடித்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "மாமா, உங்களுக்கு ஒரு மாசத்துல வேலை வந்துடுச்சு. இப்ப பென்ஷனும் வருது. எங்களுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு."

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் சரிதாம்மா" என்றார்.

அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. வாத்தியார் வேலை என்பது ஒரு பணியிடம். தூக்கினாலும் திரும்ப உட்கார ஒரு நாற்காலி இருக்கும். மக்கள் நலப் பணியாளர் என்பது ஒரு 'திட்டம்'. திட்டத்தை மூடினால் நாற்காலியே காணாமல் போகும். ரத்து செய்தவர்கள் தரப்பில் ஒரு வாதம் இருந்தது: முறையான தேர்வு இல்லாமல் கட்சிக்காரர்களுக்குக் கொடுத்த வேலை, செலவுதான் மிச்சம் என்று. அது உண்மையாகவே இருந்தாலும் தப்பாக எடுத்தவர்களைக் கண்டுபிடித்து நீக்கலாமே, எல்லோரையும் ஏன்? சரி, வேலை கொடுத்தவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. மூன்று முறை கொடுத்தீர்கள், மூன்று முறையும் அடுத்த ஆட்சி ஒரே கையெழுத்தில் கழட்டிவிடுகிற மாதிரியே ஏன் கொடுத்தீர்கள்? இவர் கொடுத்தார், அவர் பறித்தார் என்று மேடையில் பேச வசதியாக இருந்ததுதான் மிச்சம்.

அமெரிக்காவில் இதுக்குப் பேர் ஃபர்லோ

தம்பி இப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு குரூப் ஃபோருக்குப் படிக்கிறான். கரன்ட் அஃபேர்ஸ் நோட்டை எடுத்துக் காட்டினான். அதில் ஒரு பக்கம் முழுக்க அமெரிக்க 'ஷட் டவுன்'.

அங்கே கதை வேற. பட்ஜெட்டை நாடாளுமன்றம் நேரத்துக்கு நிறைவேற்றவில்லை என்றால் அரசாங்கத்தின் கல்லாவே மூடிக்கொள்ளும். ரெண்டு கட்சிகளும் விட்டுக்கொடுக்காமல் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் மாட்டுவது அரசு ஊழியர்கள். அவசியமில்லாத வேலை என்றால் சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்காரணும். அதுதான் ஃபர்லோ, கட்டாய விடுப்பு. அவசியமான வேலை என்றால் இன்னும் மோசம், சம்பளம் இல்லாமல் வேலைக்கு வரணும்! 2018 டிசம்பரில் ஆரம்பித்த ஷட் டவுன் 35 நாள் ஓடியது. சுமார் எட்டு லட்சம் பேருக்குச் சம்பளம் நின்றது. ஏர்போர்ட்டில் விமானங்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் கூட ஓசியில் வேலை பார்த்தார்கள். 2025 அக்டோபர் 1-ல் ஆரம்பித்தது அதையும் முறியடித்து 43 நாள் நீண்டது.

"ஆனா பாருங்கண்ணா, அவங்களுக்கு அரியர்ஸ் உண்டு. 2019-ல சட்டமே போட்டுட்டாங்க, ஷட் டவுன் முடிஞ்சதும் விட்டுப்போன சம்பளத்தைக் குடுத்துடணும்னு. எங்கம்மாவுக்கு நடந்ததும் ஃபர்லோதான். என்ன, பதினோரு வருஷ ஃபர்லோ" என்றான் தம்பி.

அங்கே ரெண்டு கட்சியும் ஒரே நேரத்தில் கயிறு இழுக்கிறார்கள். இங்கே முறை வைத்து இழுத்தார்கள். கயிறு என்னவோ ஒண்ணுதான்.

அந்த ஆறு மாசம்

2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் கோட்டைப் பக்கம். ஒரு வருஷம் கழித்துத்தான் அறிவிப்பு வந்தது. பழைய மக்கள் நலப் பணியாளர்களை ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர்களாக எடுத்துக்கொள்கிறோம், மாதம் 7,500 ரூபாய் என்று 2022-ல் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் சொன்னார். இதில் 5,000 வேலை உறுதித் திட்டத்திலிருந்து, மீதி 2,500 ஊராட்சி வேலைகளுக்காக. ஜூன் மாதம் அரசாணையும் வந்தது.

சங்கத்துக்குள்ளேயே சண்டை. பழைய வேலையைத்தான் கேட்டோம், இது என்ன புது வேலை என்று ஒரு பக்கம். கிடைத்ததை வாங்கிக்கொள்வோம், ரிட்டயர்மென்ட் வயசே வரப் போகுது என்று இன்னொரு பக்கம். 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், அரசின் புதுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டு வழக்கை முடித்து வைத்தது. கூடவே ஒன்று சொன்னது. 2011-ல் இவர்களைத் திடீரென்று நிறுத்தியபோது, வேலை 2012 மே வரைக்கும் இருந்திருக்க வேண்டும். அதனால் 2011 டிசம்பர் 1 முதல் 2012 மே 31 வரைக்குமான ஆறு மாத ஊதியத்தைக் கொடுங்கள் என்று.

"அந்த ஆறு மாசம் எதுன்னு தெரியுதா தம்பி?" அம்மா மகளைக் கை காட்டினார். "இவ ப்ளஸ் டூ எழுதின ஆறு மாசம். நர்சிங் சேரணும்னு ஆசைப்பட்டா. ஃபீஸ் கட்ட முடியலைன்னு பி.காம். போட்டோம். இப்ப அந்தக் காசை எண்ணி என் கையில குடுத்தா நான் இவளுக்கு நர்சிங் சீட்டா வாங்க முடியும்?"

மகள், "அதெல்லாம் விடும்மா" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐம்பத்தைந்தை நெருங்கிய வயதில் அம்மா மறுபடி ஏரிக்கரையில். இப்போ நோட்டுப் புத்தகம் போதாது. வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளர்களைப் போட்டோ எடுத்து, மொபைல் ஆப்பில் காலை ஒன்று, பிறகு ஒன்று என ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்கவில்லை என்றால் கரை மேல் ஏறி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். "1989-ல லாந்தர் தூக்கினேன், இப்ப போனைத் தூக்கறேன்."

ஆனா இங்கேயும் நிம்மதி இல்லை. டெல்லியும் சென்னையும் பணத்துக்காக இழுத்துக்கொண்டதில் நூறு நாள் கூலி பல மாதம் நின்றது. 2025 ஜனவரியில் மட்டும் 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. "ஊர்க்காரங்களுக்கு டெல்லி எங்க தெரியும்? அவங்களுக்கு கவர்மென்டுன்னா நான்தான். தெருவுல போனா 'எங்க துட்டு எப்போ வரும்'னு என்னைத்தான் கேக்கறாங்க. எனக்கே தெரியல, நான் என்ன சொல்ல?" அதே 2025 டிசம்பரில், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 125 நாள் வேலை, செலவில் மாநிலங்களுக்கும் பெரிய பங்கு என்று புதுச் சட்டத்தையே நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அம்மா உட்கார்ந்திருக்கும் நாற்காலி அந்தப் பழைய சட்டத்தின் மேல் போட்டது.

குரூப் ஃபோர் படிக்கிற தம்பியைக் கேட்டேன். இத்தனையும் பார்த்த பிறகும் உனக்கு கவர்ன்மென்ட் வேலையா?

"ஆமாண்ணா. ஆனா திட்டம் வேணாம், போஸ்ட் வேணும். அம்மாவைப் பார்த்துக் கத்துக்கிட்டது அதுதான். நோட்டிஃபிகேஷன் வந்தா சம்பளத்தைப் பார்க்க மாட்டேன், கீழே சின்ன எழுத்துல 'தற்காலிகம்'னு போட்டிருக்கானு தேடுவேன்."

அவனுக்கு ஒரு சின்ன ஆசை இருக்கிறது. கூடத்தில் இருக்கும் அந்தத் தறியை எடுத்துவிட்டு, குழியை மூடி, ஒரு மேஜை போட்டுப் படிக்கணும். இப்போ தறிக்கு இந்தப் பக்கம் பாயில் உட்கார்ந்துதான் படிக்கிறான். அப்பா நெய்யும்போது நாடா போய் வரும் சத்தத்தில் கான்ஸ்டிட்யூஷன் மண்டையில் ஏறவில்லையாம்.

"அப்பாவுக்கும் முதுகு வலி. இன்னும் எத்தனை நாள் நெய்வாரு? நீதான் வேலைக்குப் போறியேம்மா, எடுத்துடலாம்" என்று நம் முன்னாலேயே கேட்டுப் பார்த்தான். சப்போர்ட்டுக்கு ஆள் இருக்கு என்ற தைரியம்.

அம்மா அவனைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். "உன் ரிசல்ட் வரட்டும்" என்றார்.

அதற்குள் போன் அடித்தது. ஒன்றிய ஆபீஸ். மத்தியான போட்டோ இன்னும் ஏறலையாம். "தோ போறேன் சார்" என்று எழுந்தவர், போகிற போக்கில் தறி மேல் இருந்த கவரை எடுத்துக்கொண்டு, புடவை மேல் தூசி விழாமல் ஒரு பழைய துணியை இழுத்து மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார்.